சொல்லிட்டுப் போங்க

ஜூன் 8, ஞாயிறு

இந்த டைரி ஒரு மருந்துக் கம்பெனி கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வயிற்றுப்புண் மாத்திரைக்கு விளம்பரம். ஜனவரியிலிருந்து மேசை இழுப்பறையில் சும்மா கிடந்தது. இன்று முதல் இதில் எழுத வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிவிட்டார்கள். அறுபத்திரண்டு வயதில் எனக்கு வீட்டுப்பாடம்.

என் டாக்டர் பதிவைப் புதுப்பிக்கப் பயிற்சிப் புள்ளிகள் போதவில்லை என்று சங்கச் செயலாளர் போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தார். இடம் இருந்த வகுப்பு இது ஒன்றுதான். திருநெல்வேலியில், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு. தீராத நோயாளிகளிடம் பேசுவது எப்படி என்று குடும்ப டாக்டர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். கோவில்பட்டியில் கிளினிக் வைத்த நாளிலிருந்து நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். நான் பேசுவது போதவில்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அதிகம் என்று வீட்டில் சொல்வதுண்டு.

பாடம் எடுப்பவர் டாக்டர் எஸ்தர் கிருபா. என் மகள் வயது. வந்ததும் பலகையில் "சரியாயிரும்" என்று பெரிதாக எழுதி அதன் மேல் ஒரு கோடு போட்டார். இந்த வகுப்பு முடியும்வரை யாரும் இந்தச் சொல்லைச் சொல்லக் கூடாதாம். பக்கத்தில் இருந்த சிவகாசி டாக்டர், "அப்ப என்னத்தத்தான் சொல்றது?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்.

"முதல்ல எதுவும் சொல்ல வேண்டாம் சார். கேளுங்க. அவங்களுக்கு என்ன தெரியும்னு கேளுங்க. எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு கேளுங்க. அதுக்கு அப்புறம் சொல்லுங்க" என்றார்.

இதற்கு ஒரு பயிற்சி. மத்தியானச் சாப்பாடு பரவாயில்லை. தக்காளி சாதத்தில் உப்புத் தூக்கல்.

ஜூன் 10, செவ்வாய்

கிளினிக்கில் கூட்டம். ஊர் முழுக்கக் காற்றும் தூசியும் இருமலும்.

கடைசியாக ஜெயக்கொடி வந்தாள், மகனோடு. மகன் சங்கரமூர்த்திக்கு முப்பத்தொரு வயது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு, வலிப்பும் உண்டு. எல்லோருக்கும் அவன் சங்கரு. சிறுபிள்ளையிலிருந்து வலிப்பு மாத்திரைக்கு என்னிடம்தான் வருகிறான். இன்றைக்கு அவனுக்கு இல்லை, அவளுக்கு. வயிற்றில் வலி, முதுகுக்குப் பாய்கிறது. ஜாக்கெட் தொளதொளவென்று தொங்குகிறது. கண்ணில் மஞ்சள். எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்கேன் எழுதிக் கொடுத்தேன்.

சங்கருவுக்கு ஒரு சட்டம் உண்டு. யார் எங்கிருந்து கிளம்பினாலும் "போயிட்டு வாரேன்" என்று சொல்ல வேண்டும், இருப்பவர் "வா" என்று சொல்ல வேண்டும். அவன் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனுக்கும் விலக்கு இல்லை. சொல்லாமல் நகர்ந்தால் ஓடிவந்து வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சொல்லிட்டுப் போங்க" என்பான். பிடி இரும்புப் பிடி. இன்றும் வாசலில் நின்று "போயிட்டு வாரேன் டாக்டர்" என்றான். நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து "வாப்பா" என்று சொல்லும்வரை நகரவில்லை.

ஜூன் 14, சனி

ஜெயக்கொடியின் கணவர் பால்வண்ணம் ஸ்கேன் உறையோடு தனியாக வந்தார். தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவர். போன வருஷம்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்.

கணையத்தில் கட்டி. கல்லீரலிலும் பரவியிருக்கிறது. மதுரைக்குக் கூட்டிப்போய் ஊசி வைத்துச் சதையெடுத்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஆனால் எனக்குச் சந்தேகம் இல்லை, அவருக்கும் என் முகத்தைப் பார்த்ததும் இல்லாமல் போனது.

"சார், அவட்ட அல்சர்னு சொல்லிருங்க. அவ தாங்க மாட்டா."

"எப்ப வரைக்கும்?"

"முடியிற வரைக்கும் சார். உங்களக் கையெடுத்துக் கும்புடுதேன்."

சரி என்றேன். இதில் புதிதாக எதுவும் இல்லை. எத்தனையோ வீடுகளில் இதைத்தான் செய்திருக்கிறேன். வீட்டுக்காரர்கள் கேட்பதைச் சொல்வதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று நடிப்பு. நாடகக்காரர் ஒருவரை நோயாளி வேஷத்தில் கூட்டி வந்திருந்தார்கள். ஒவ்வொரு டாக்டரும் எல்லோர் முன்பும் அவரிடம் பேச வேண்டும். எனக்கு முன்னால் பேசிய சிவகாசி டாக்டர் "சரியாயிரும்" சொல்லி மாட்டிக்கொண்டார். நான் சொல்லவில்லை. அந்த நடிகர் என் கண்ணைப் பார்த்து, "நான் பொழைப்பேனா டாக்டர்?" என்று கேட்டார். மனுஷன் நன்றாகத்தான் நடித்தார். நான் அவர் கையில் பி.பி. பட்டையைச் சுற்றினேன்.

எஸ்தர் பின்னாலிருந்து, "பி.பி. எவ்வளவு சார்?" என்று கேட்டார்.

"நூத்தி இருபது, எண்பது."

"இன்னும் காத்தே அடிக்கலையே சார்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் அவர் மெதுவாகத்தான் சொன்னார்: பதில் சொல்லப் பயமாக இருக்கும்போது டாக்டர்கள் கைக்கு ஒரு வேலை கொடுப்பார்கள். சிலர் சீட்டு எழுதுவார்கள், சிலர் ஸ்டெத்தை மாட்டுவார்கள், சார் பட்டை கட்டுகிறார்.

பஸ்ஸில் திரும்பி வரும்வரை கடுப்பாக இருந்தது. வயது வித்தியாசம் என்று ஒன்று இருக்கிறது.

ஜூன் 28, சனி

மதுரை முடிவு வந்துவிட்டது. நான் நினைத்ததுதான். அறுவைச் சிகிச்சை செய்கிற கட்டம் தாண்டியாயிற்று. மஞ்சள் இறங்க உள்ளே சின்னக் குழாய் ஒன்றை வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

சாயங்காலம் ஜெயக்கொடி வீட்டுக்குப் போனேன். போகிற வழிதான். பால்வண்ணம் எனக்குக் காபி போட அடுப்படிக்குப் போனார். வாசலில் சங்கரு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சார், எனக்கு ஒரு யோசனை சொல்லுங்க. எனக்கப்புறம் சங்கருவ கழுகுமலையில என் தங்கச்சி கோமதிதான் பாத்துக்கிடணும். அவங்கப்பா உடம்பு உங்களுக்கே தெரியும். கோமதியும் ஒத்தையில இருக்கா, வச்சுக்கிடுதேன்னுதான் சொல்லுதா. ஆனா இவனுக்குப் புது எடம் ஒத்துக்கிடாதே. முன்னால தெரு மாத்தி இந்த வீட்டுக்கு வந்தமே, என்ன பாடு படுத்துனான்."

எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு தெரு தள்ளிக் குடிவந்ததற்கே அவன் வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடவில்லை. பழைய வீட்டு வாசலில் போய் நிற்பான். மாத்திரை முழுங்க மாட்டான், வலிப்பு அடிக்கடி வந்தது. ஒரு தடவை அப்படி ஓடும்போது பைக்கில் அடிபட்டுத் தலையில் தையல் போட்டேன். அம்மா கூட இருந்ததனால்தான் மாதங்கள் கழித்தாவது அடங்கினான்.

"நான் கூடவே போயி இருந்து பழக்குனாத்தான் அவன் அங்க நிப்பான். நான் இல்லாம ஒருநாள் கொண்டுபோயி விட்டா, ரோட்டுல விழுந்துதான் சாவான். அதான் கேக்குதேன். இப்பவே கூட்டிட்டுப் போகட்டுமா, இல்ல அடுத்த வருசம் போதுமா?"

அடுப்படியில் டம்ளர் சத்தம் கேட்டது. நான் பட்டையை எடுத்து அவள் கையில் சுற்றினேன்.

"அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்மா. முதல்ல உடம்பு தேறட்டும். சரியாயிரும்."

அவள் தலையாட்டினாள். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். ஸ்கூட்டரைக் கிளப்பியும் அது நகரவில்லை. திரும்பிப் பார்த்தால் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு சங்கரு.

"சொல்லிட்டுப் போங்க."

சொல்லாமல் வந்துவிட்டிருக்கிறேன். "போயிட்டு வாரேன்பா" என்றேன். அவன் "வாங்க" என்று சொல்லிக் கையை எடுத்தான். நிலைப்படியில் ஜெயக்கொடி நின்றிருந்தாள். என்னைப் பார்த்தபடியே நின்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

காற்று. கிளினிக் லீவு. தூக்கம் சரியில்லை, புழுக்கம்.

ஜூலை 6, ஞாயிறு

வகுப்பில் ஆளுக்கொரு அனுபவம் சொல்லச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த ஒரு டாக்டருக்கு நடந்தது என்று ஆரம்பித்து, பெயர் இல்லாமல் ஜெயக்கொடி கதையைச் சொன்னேன். வீட்டுக்காரர் கும்பிட்டுக் கேட்டால் அந்த டாக்டர்தான் என்ன செய்வார் என்றேன்.

எஸ்தர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "வீட்டுக்காரர் பயப்படுறது நியாயம்தான் சார். அவர்கிட்டயும் உக்காந்து பேசணும். ஆனா அந்தம்மா தனக்காக ஒண்ணும் கேக்கலையே. மகனைப் பழக்குறதுக்கு நேரம் இருக்கான்னு கேக்குறாங்க. அடுத்த வருஷம்னு சொன்னது ஆறுதல் இல்ல. அந்தப் பையனுக்கு இருந்த நேரத்தை அந்த டாக்டர் எடுத்துக்கிட்டாரு."

எனக்குக் கோபம் வந்தது. ஊருக்கு வந்தும் போகவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது என் மனைவி செண்பகவல்லி, "வகுப்பு எடுக்கிற அந்தப் பிள்ளை என்ன சொல்லிச்சுன்னு இப்படி உர்ருன்னு இருக்கீங்க?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன்.

ஜூலை 9, புதன்

மத்தியானம் கிளினிக்கை அடைக்கிற நேரம் ஜெயக்கொடி ஆட்டோவில் தனியாக வந்தாள். சங்கருவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாளாம். உட்காரும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நீங்க சொல்லாமக் கிளம்பிட்டீங்க சார்."

"மறந்துட்டேன்மா. ஏதோ ஞாபகம்."

"சங்கரு சின்னப்பிள்ளையா இருக்கையில இருந்து எங்க வீட்டுக்கு வாரீங்க. ஒருநாளும் மறந்ததில்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "கேதத்து வீட்ல இருந்துதான் சார் சொல்லாமக் கிளம்புவாங்க."

என் கை பட்டையிடம் போனது. அதை இழுப்பறையில் போட்டு மூடினேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசை மேல் வைத்தேன். துக்க வீட்டில் யாரும் விடைபெறுவதில்லை. போய்விட்டு வருகிறேன் என்றால் இன்னொரு துக்கத்துக்கு வருகிறேன் என்று ஆகிவிடும் என்பதால் பேசாமல் எழுந்து போவார்கள். நம் பக்கம் குழந்தைக்கும் தெரிந்தது. உயிரோடு இருக்கிறவள் வீட்டில் எனக்குத் தெரியாமலே அதைச் செய்திருக்கிறேன். வாயால் அல்சர் என்று சொன்னேன், எழுந்து வந்ததில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"உனக்கு என்ன தெரியும், ஜெயக்கொடி?"

"அல்சர் இல்லன்னு தெரியும். அல்சருக்கு ஊசி வச்சுச் சதை எடுப்பாங்களா? மதுரையில இருந்து வரையில எங்க வீட்டுக்காரரு எனக்கு ஜிகர்தண்டா வாங்கித் தந்தாரு சார். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவரா எனக்கு ஒண்ணு வாங்கித் தந்ததில்ல. அப்பமே புரிஞ்சுபோச்சு."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு கேட்டேன்.

"நீ எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?"

"சங்கருக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு."

இதற்கு வகுப்பில் பதில் சொல்லித் தரவில்லை.

"இப்பவே கூட்டிட்டுப் போ" என்றேன். "கணையத்துல புத்துநோய். ஈரலுக்கும் போயிருச்சு. அடுத்த வருஷம் நீ இருக்க மாட்டே. அன்னைக்கு நான் சொன்னது பொய்."

அவள் அழவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "சரியாயிரும்" என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வெளியே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

"தீபாவளி இருப்பனா?"

"நீ இருப்பேன்னுதான் நினைக்கேன்."

"பொங்கலு?"

"சொல்ல முடியாதும்மா."

"வலிக்குமா?"

"வலிக்கும். அதுக்கு மருந்து இருக்கு. அத நான் பாத்துக்கிடுதேன். கழுகுமலையா இருந்தாலும் வந்து பாப்பேன்."

சரி என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள். "சார், எனக்குத் தெரியும்னு எங்க வீட்டுக்காரர்ட்டச் சொல்லிராதீங்க. அவரு தாங்க மாட்டாரு."

நான் வாயைத் திறப்பதற்குள், "போயிட்டு வாரேன் சார்" என்றாள்.

"வாம்மா."

ஜூலை 11, வெள்ளி

காலையில் பால்வண்ணம். "அவளுக்கு எப்படியும் தெரிஞ்சிருமோன்னு பயமா இருக்கு சார். ராத்திரி தூங்க மாட்டேங்கா."

எனக்குப் பொறுமை போய்விட்டது. சாயங்காலம் அவளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். வந்தார்கள். சங்கரு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிற நோயாளிகளிடம் விடை வாங்கிக்கொண்டிருந்தான். இவர்கள் இரண்டு பேரையும் உள்ளே உட்கார வைத்தேன்.

"ஒருத்தர் தாங்க மாட்டாங்கன்னு இன்னொருத்தர் வந்து என்ட்டச் சொல்லுதீங்க. ரெண்டு பேருக்கும் என்ன தெரியும்னு நீங்களே பேசிக்கிடுங்க. நான் டீ குடிச்சிட்டு வாரேன்."

கடையில் டீ குடித்தேன். இன்னொரு டீயும் குடித்தேன். டாக்டர் கிளினிக்கை விட்டுவிட்டுத் தெருவில் நிற்பதைப் பார்த்து டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துப் போட்டார். திரும்பி வந்தபோது பால்வண்ணம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது. அவள் அவருடைய கண்ணாடியைத் தன் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆடி பிறக்குமுன்ன கழுகுமலைக்குப் போயிருதோம் சார்" என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

வகுப்பு. மார்ஃபின் பற்றி. உருப்படியான பாடம், குறிப்பெடுத்தேன். அந்த டாக்டர் என்ன ஆனார் என்று எஸ்தர் கேட்டார். பரவாயில்லை, தேறிக்கொண்டிருக்கிறார் என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கடைசி வகுப்பு. சான்றிதழில் என் இனிஷியல் தப்பு. டைரியை இனி நிறுத்திவிடலாம் என்று எஸ்தர் சொன்னார். பக்கம் நிறைய மீதி இருக்கிறது, வீணாக்குவானேன்.

ஆகஸ்ட் 20, புதன்

கிளினிக் முடிந்து கழுகுமலை. கோமதி வீடு மலைக்குப் பின்பக்கத் தெருவில், கம்பி கேட் வைத்த வீடு. பால்வண்ணம் சனி ஞாயிறு வந்து போகிறார்.

சங்கரு போன வாரம் இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருக்கிறான். சோற்றைத் தட்டோடு கவிழ்க்கிறான். கோமதி பிசைந்து கொடுத்தால் வாங்குவதில்லை. வலிப்பு ஒரு தடவை வந்திருக்கிறது. மாத்திரை அளவைக் கூட்டினேன். ஜெயக்கொடி கட்டிலில் படுத்துக்கொண்டே கோமதிக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்: சோறு சுடக் கூடாது, ரசத்தை மேலே ஊற்றக் கூடாது, பக்கத்தில் ஊற்ற வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது செண்பகவல்லி, "எங்க போயிட்டு வாரீங்க?" என்றாள். வருகிற வழியில் ஒரு நோயாளி என்றேன். "கழுகுமலை எப்ப உங்க கிளினிக்குக்கும் வீட்டுக்கும் நடுவுல வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுச் சாப்பாடு எடுத்து வைத்தாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வலி மார்ஃபினுக்குக் கேட்கிறது. மலச்சிக்கலுக்கும் சேர்த்துக் கொடுத்தேன். எழுந்து உட்கார முடிகிறது அவளால்.

சங்கரு கோமதி கையால் ஒருவேளை சாப்பிடுகிறான். ரசம் பக்கத்தில்.

"அவன்ட்டச் சொல்லிட்டேன் சார்" என்றாள் ஜெயக்கொடி.

"என்னன்னு?"

"செத்துப்போயிருவேன்னு."

நான் திடுக்கிட்டது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் எனக்கு விளக்கினாள்.

"வேற எப்படிச் சொல்ல? சாமிட்டப் போறேன்னு சொன்னா எந்தக் கோயிலுன்னு கேப்பான், என்னையும் கூட்டிட்டுப் போன்னு நிப்பான். தவறிட்டாங்கன்னா எங்க விழுந்தாங்கன்னு தேடுவான். போயிட்டாங்கன்னு சொல்லவே கூடாது. போனவங்க வருவாங்கன்னு வாசல் கேட்ட விட்டு அசைய மாட்டான். அதான் செத்துப்போயிருவேன், திரும்ப வர மாட்டேன், சித்திதான் சோறு தருவான்னு சொன்னேன். நெதமும் சொல்லுதேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"மொத நாளு அடிச்சான். இப்பம் கேட்டுக்கிடுதான்."

அடுத்த அறையில் கோமதி மூக்கைச் சிந்தினாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

மஞ்சள் மறுபடி ஏறிவிட்டது. வயிற்றில் நீர். மதுரைக்கு வேண்டாம் என்கிறாள். வேண்டாம்தான் என்றேன்.

சங்கரு மாத்திரையைக் கோமதியிடம் வாங்கி முழுங்குகிறான். ஓடவில்லை. எல்லாம் ஒருமாதிரி படிந்துவரும்போது ஒரு தொல்லை. எதிர்வீட்டுப் பெரியவர் போன வாரம் இறந்துபோனார். துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்ப, சங்கரு தெருவில் இறங்கி ஒவ்வொரு பைக்காகப் பிடித்துக்கொண்டு "சொல்லிட்டுப் போங்க" என்று நின்றிருக்கிறான். ஒரு ஆள் அவனைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். தெருவில் பேச்சாகிவிட்டது. கோமதிக்கு அவமானம், மூன்று நாளாக வெளியே தலை காட்டவில்லை.

"எனக்கு இப்பம் அது ஒண்ணுதான் சார் கவலை" என்றாள் ஜெயக்கொடி. குரல் மெலிந்துவிட்டது, குனிந்துதான் கேட்க வேண்டியிருக்கிறது. "என் கேதத்துக்கு வாரவங்களையும் இப்படி நிப்பாட்டுவான். யாராச்சும் அடிப்பாங்க. கோமதி மனசு விட்டுருவா. இவனை எப்படிக் காலம் பூரா வச்சுக்கிடன்னு யோசிப்பா. சொல்லிச் சொல்லிப் பாக்கேன். மத்ததெல்லாம் ஏறுது, இது மட்டும் அவன் மண்டையில ஏற மாட்டேங்குது. இம்புட்டு வருசம் சொல்லணும் சொல்லணும்னு நானே பழக்கிட்டேன்."

கோமதி நிலைப்படியில் நின்றிருந்தாள். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது கேட்டில் சங்கரு நின்றான். சொன்னேன். "வாங்க" என்றான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கழுகுமலை போனேன். செண்பகவல்லி அதிரசம் கொடுத்துவிட்டாள், கேள்வி கேட்கவில்லை. ஜெயக்கொடிக்குப் புதுச் சேலையைப் போர்வைமேல் விரித்திருந்தார்கள். "இருந்துட்டேன் பாத்தீங்களா" என்றாள்.

நவம்பர் 6, வியாழன்

விடியற்காலையில் பால்வண்ணம் போன் செய்தார். "சார்" என்றார், அதற்கு மேல் வரவில்லை. தெரிந்துகொண்டேன்.

போய்ப் பார்த்து உறுதி செய்தேன். தூக்கத்திலேயே போயிருக்கிறாள். இப்படி எழுதக் கூடாது. இறந்திருக்கிறாள். முகத்தில் வலி இல்லை. சான்றிதழ் எழுதினேன். பந்தல் போட ஆள் வந்தார்கள். கோவில்பட்டியிலிருந்து ஒரு வேன் நிறைய உறவுக்காரர்கள். பால்வண்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சங்கரு வேட்டி கட்டி, கேட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றான். அழுதுகொண்டே வந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான்.

எனக்குக் கிளினிக்கில் ஆட்கள் காத்திருந்தார்கள். எடுப்பதற்குள் கிளம்ப வேண்டும். முதலில் கிளம்புகிறவன் நான்தான் என்பதைக் கவனித்தேன். நான் கிளம்புகிற விதத்தில்தான் மற்றது எல்லாம் இருக்கிறது. பந்தலில் கூட்டம் உட்கார்ந்திருந்தது. கோமதி அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள், என்னையும் சங்கருவையும்.

ஒன்று முடிவு செய்துகொண்டேன். சாஸ்திரம் பார்க்கப் போவதில்லை. அவன் வண்டியைப் பிடிக்கும் முன் நானே சொல்லிவிடலாம். டாக்டரே சொல்லிவிட்டார் என்றால் பின்னால் வருகிறவர்கள் அவனை அடிக்க யோசிப்பார்கள். ஊர் என்னை ஏசினால் ஏசட்டும்.

கேட்டுக்குப் போனேன். அவன் என்னையே பார்த்தான்.

"சங்கரு, போயிட்டு..." என்று ஆரம்பித்தேன்.

அவன் கையை நீட்டி என் வாயைப் பொத்தினான். கையில் மஞ்சளும் பூவும் மணத்தது.

"சொல்லக் கூடாது டாக்டர்" என்றான். "அம்மா செத்துப்போயிட்டா."

பந்தலில் எல்லோருக்கும் கேட்டது. காலையிலிருந்து அந்தச் சொல்லை அங்கே யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கையை எடுத்தான். கொஞ்சம் யோசித்தான். "கருமாதி முடிஞ்சு வந்தாத்தான் சொல்லணும். அம்மா சொன்னா."

உள்ளே கோமதி, "எய்யா" என்று ஒரே சத்தமாக அழுதுகொண்டு ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் கட்டிக்கொள்ள விட்டான்.

நான் சொல்லாமல் கிளம்பினேன். வண்டி உடனே நகர்ந்தது. தெருமுனை தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். பிறகு கிளினிக்குக்குப் போய் எல்லா நோயாளிகளையும் பார்த்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

கருமாதி முடிந்து இரண்டு நாள். கழுகுமலை போனேன், சங்கருவின் மாத்திரையைப் பார்க்க. கோமதி பலகாரமும் காபியும் கொடுத்தாள். அவன் ரசத்தைப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் எழுந்ததும் கையைக் கழுவிக்கொண்டு கேட்டுக்கு வந்தான்.

சொன்னேன்.

"வாங்க" என்றான்.